குதிரையின் வால் பக்கம்

சுவாமியின் கூடு தோளில் ஏறின உடனேயே நீக்கிலாசுக்கு விளங்கிவிட்டது, காலை மாறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம் எண்டு. வீட்டில் அவனுக்கு இரண்டு பொய்க்கால் இருக்கிறது. ஒண்டு பழசு, றப்பர்ப் பாதம், வெறுங்காலோடு வயல் சேத்துக்குள் இறங்கினாலும் ஒண்டும் செய்யாது, ஆனால் பார்க்க வடிவில்லை, நடக்கேக்க கீச்சுக் கீச்செண்டு கத்தும். மற்றது போன மாசம் கிடைத்த புதுக்கால், வெளிநாட்டுச் சாமான், தோல் நிறம், விரல்களுக்கு நகம்கூட வைத்திருக்கிறான்கள் பாவிகள். திருநாளும் அதுவுமா நல்லதைப் போடுவம் எண்டு பெருமையில் அதைப் போட்டான். சந்தியோகுமையோரின் கூடு தூக்கிறவன் வெறுங்காலோடுதான் தூக்கவேணும் எண்டது வெண்பாலைக்குளத்தில் பால்குடிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் அந்தப் புதுக்கால் சப்பாத்துக்கு அளவெடுத்த கால், குதிக்குக் கீழே ஒரு விரல் உயரம் இருந்தால்தான் நேரே நிற்கும் எண்டது கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. உறைத்து என்ன செய்ய, பாண்ட்காரன் அடிக்கத் தொடங்கிவிட்டான், கோயில் மூப்பர் கிறகோரி கையைக் காட்டிவிட்டார், தண்டு தோளுக்கு வந்துவிட்டது. இப்ப ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் கால் அவனைப் பின்னுக்கு இழுத்தது, ஆரோ சேட்டுக் கொலரில் பிடித்து இழுக்கிற மாதிரி. முன்னுக்குப் போற கூட்டைச் சுமந்துகொண்டு பின்னுக்குச் சாயிற கால். நல்ல சோடி. அடே நீக்கிலாஸ், உனக்கு விசரடா, நகத்தைப் பார்த்துக் கால் எடுத்தவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். பக்கத்தில் வலத்தண்டில் நிண்ட பிலேந்திரன் ஓரக்கண்ணால் பார்த்து, "என்ன மச்சான், தள்ளாடுறாய்?" எண்டான். "ஒண்டுமில்லை, நட" எண்டான் நீக்கிலாஸ். ஒண்டுமில்லையா, எல்லாம் அதுதானே. குதிரையும் வாளும் சுவாமியும் ஒரே முதிரை மரத்தில் செதுக்கினது, மேலே பூவும் பந்தலும், நாலு தண்டுக்கு நாலு குடும்பம். பீடத்தால் இறக்கினதில் இருந்து திரும்பிப் பீடத்துக்கு ஏறும்வரை கூடு நிலத்தில் படக்கூடாது. ஆருடைய தண்டு சரிந்து பட்டதோ அந்தத் தண்டு அந்தக் குடும்பத்தை விட்டுப் போகும். தடுப்பு முகாமில் இருந்து வந்த இத்தனை வருசமும் வாயைத் திறக்காதவன், போன கிழமை கோயில் கூட்டத்தில் எழும்பி, "இந்த முறை எங்கட தண்டை நான் தூக்கிறன்" எண்டு கேட்டான். மூப்பர், "தூக்கு தம்பி. ஆனா வச்சிட்டாய் எண்டால் பேந்து கேக்கக்கூடாது" எண்டார். இவ்வளவு காலமும் அவனுக்குப் பதிலாக அந்தத் தண்டைப் பிடித்தது மூப்பரின் மகன் அல்போன்ஸ். இதோ பின்னால், தோளில் துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு, எப்ப விழுவான் எண்டு பார்த்துக்கொண்டு வாறான்.

வால்காரர் எண்டுதான் ஊரில் அவனுடைய குடும்பத்துக்குப் பெயர். பின் இடத்தண்டு பிடிக்கிறவனுக்குக் கண்ணுக்கு நேரே தெரியிறது குதிரையின் வால், சுவாமியின் முகத்தைக் கண்டு கும்பிடுறது முன்னுக்கு நிக்கிற ஆக்கள். நாலு தலைமுறையாய் வாலைப் பார்த்துக்கொண்டு நடந்த குடும்பம், அப்பா வஸ்தியான் சிரிச்சுக்கொண்டு சொல்லுவார், எனக்கு அந்த வாலில் எத்தனை கீறல் இருக்கெண்டு தெரியும், சுவாமிக்கு மீசை இருக்கோ எண்டு கேட்டால் உன்ர கொம்மாவைத்தான் கேக்கோணும் எண்டு. இப்ப அவனுக்கும் வால்தான் தெரிந்தது, வால் நுனியில் பழைய வர்ணம் உதிர்ந்து மரம் தெரிகிற இடம், அந்த இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நடந்தால் தலை சுற்றாது. சோளகக் காத்து பொட்டல்வெளிப் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வாய்க்குள் போட்டது. இந்தப் புழுதியில்தான் பூட்டன் மாயாண்டி கிடந்தது. இராமநாதபுரத்துப் பக்கத்து மனுசன், வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கி, கண்காணி ஒருத்தன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் காட்டுவழியால் நடத்திக்கொண்டு போன கூட்டத்தில் ஒரு ஆள். வழியில் கழிச்சல் கண்டது. நடக்க ஏலாதவனைப் பாலைமரத்தடியில் விட்டிட்டுக் கூட்டம் போயிட்டுது, ஒரு சிரட்டையில் தண்ணியும் வைத்துவிட்டுப் போனானாம் கண்காணி, அந்த மட்டில் நல்ல மனுசன். அண்டைக்குத்தான் திருநாள். சுற்றுப்பிரகாரம் அந்த மரத்தைத் தாண்டேக்க பின் இடத்தண்டுக்காரனுக்கும் அதே கழிச்சல், அவன் சுருண்டு விழுந்தான், கூடு சரிந்தது, சுவாமி குதிரையோடு குப்புற வரப்பார்த்தார். அப்ப மரத்தடியில் செத்துக்கொண்டு கிடந்தவன் எழும்பி வந்து தோளைக் கொடுத்தான். ஞானஸ்நானம் இல்லை, சிலுவை எந்தக் கையால் போடுறது எண்டு தெரியாது, வேட்டி நாறுது, அப்பிடியே கோயில்வரை சுமந்தான். பிரெஞ்சுப் பங்குச் சுவாமி பிறகு தலையில் தண்ணி ஊத்திச் சந்தியோகு எண்டு பெயர் வைத்தார், அண்டையில் இருந்து அந்தத் தண்டு எங்களுடையது. இது எங்கட வீட்டுக் கதை. மூப்பர் வீட்டுக் கதை வேற. கூலிக்காரன் ஒருத்தன் கஞ்சிக்குக் கையேந்திக்கொண்டு கிடந்தான், ஆள் குறையுதெண்டு தட்டி எழுப்பித் தண்டைக் கொடுத்தம், முன்னுக்குக் கொடுக்க ஏலுமே வந்தேறிக்கு, வாலுக்குப் பின்னால் விட்டம். எழும்பினானா, எழுப்பினாங்களா. சின்ன வயசில் இருந்து இந்தக் கேள்வி நீக்கிலாசுக்குப் பல்லுக்குள் சிக்கின இறைச்சித் துண்டு. செத்துக்கொண்டு கிடக்கிறவன் தானாய் எழும்புவானா. ஒரு காலை வைத்தான், மற்றதை வைத்தான், புதுக்கால் இழுத்தது, முதுகை வளைத்துச் சமாளித்தான், எழும்பினானா, எழுப்பினாங்களா, எட்டுக்கு எட்டு அதுவே பாண்ட் மேளத்தோடு சேர்ந்து அடித்தது.

வளவு முடக்கில் திரும்பேக்க வெடி கொளுத்தினான்கள். வெடி கொளுத்துவான்கள் எண்டு தெரியும், வருசா வருசம் அதே முடக்கில் கொளுத்துறது, காலமையில் இருந்தே மனசுக்குச் சொல்லி வைத்திருந்தான், அது சீனவெடி, சின்னப் பிள்ளையள் கொளுத்துறது, ஒண்டும் செய்யாது. மனசு கேட்டது, உடம்பு கேக்கேல்லை. முழங்கால் தானாய் மடிந்தது, தலை தோளுக்குள் போனது, வெளிச்சமான காலமை அப்பிடியே மங்கி, வரம்பு, தண்ணி வத்தின வயல், காய்ஞ்ச புல், அந்தச் சத்தம். சத்தம் எண்டு சொல்லவும் ஏலாது, காதுக்கு முதல் காலுக்குக் கேட்ட சத்தம். பின்வாங்கி வந்த இரவுக்கு அடுத்த விடியல், இடது கால் வைத்த இடத்தில் மிதிவெடி. இவங்கள் வைத்ததோ அவங்கள் வைத்ததோ, வெடிக்கு என்ன தெரியும். இயக்கத்துக்குப் போற அண்டைக்கு அப்பா நெல்லுக் கதிர் அடித்துக்கொண்டு நிண்டார். போ எண்டும் சொல்லேல்லை, போகாத எண்டும் சொல்லேல்லை, தன் கழுத்தில் நூலில் தொங்கின மாதா உத்தரியத்தைக் கழற்றி இவன் கழுத்தில் போட்டார், வேர்வையில் நனைஞ்ச சீலைத்துண்டு, அவ்வளவுதான். பிறகு இயக்கம் செம்பரிதி எண்டு ஒரு பெயரும் சயனைட் குப்பி ஒண்டும் தந்தது. அரசாங்கத்துக்குப் பயங்கரவாதி, ஊருக்குப் போராளி, அம்மாவுக்கு நீக்கிலாஸ், ஒரே கழுத்தில் உத்தரியமும் குப்பியும் தொங்கினது, பிழைக்க வேணுமெண்டு கட்டினது ஒண்டு, சாக வேணுமெண்டு கட்டினது ஒண்டு. படுக்கேக்க இரண்டும் ஒண்டோடொண்டு சிக்கும், காலமையில் சிக்கெடுக்கிறதே ஒரு வேலை. அந்த வரம்பில் கிடந்தபோது கை போனது குப்பிக்குத்தான், பொய் சொல்ல ஏலாது, பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்திலும் அப்பிடியே சொன்னான். பிடித்து வாய்க்குக் கொண்டுவந்தால் உத்தரியம். நூல் அறுந்து குப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. பெண்சாதி மெற்றில்டா அதை மாதா செய்த புதுமை எண்டுவாள், மனுசிக்கு எல்லாம் புதுமை, அவன் நூல் இத்துப்போச்செண்டு சொல்லுவான். நூல்தான். நூல்தானா. தண்டு தோளில் இருந்து வழுக்கினது. ஐயோ கூடு. பின் இடது மூலை தாழ்ந்தது, பூப்பந்தல் ஆடினது, சனம் ஒரே மூச்சாய் "சுவாமி" எண்டது, அல்போன்ஸ் துவாயை உதறிக்கொண்டு இரண்டெட்டில் கிட்ட வந்தான். நீக்கிலாஸ் யோசிக்கேல்லை. யோசிக்கிறதுக்கு நேரமெங்கே. தோள் தானாய் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைக்கத் தண்டுக்குக் கீழே போய்த் தாங்கினது, மடிந்த முழங்கால் நிமிர்ந்தது, கூடு மட்டத்துக்கு வந்தது. பிலேந்திரன், "பிடிச்சிட்டாய் மச்சான், பிடிச்சிட்டாய்" எண்டான். மூச்சு வாங்க வாங்க நீக்கிலாசுக்குச் சிரிப்பு வந்தது. எழும்பித்தான் இருப்பான். ஆர் வந்து தட்டி எழுப்ப நேரம்? சரியிறதைக் கண்டால் தோள் தானாய்ப் போகும், அது கழிச்சல்காரன் தோளெண்டால் என்ன, காலில்லாதவன் தோளெண்டால் என்ன. மாயாண்டி எழும்பித்தான் இருப்பான், மூப்பர் வீட்டுக் கதை பொய், நான் இப்ப கண்ணால் கண்டது மாதிரித் தெரியும். இத்தனை வருசம் பல்லுக்குள் கிடந்தது போயிட்டுது.

ஒண்டு போனால் இன்னொண்டு வராமல் விடுமா. வெயில் ஏறினது, மண் சுட்டது, நல்ல காலுக்குத்தான் சூடு தெரியும், மற்றதுக்குத் தெரியாது, அந்த மட்டில் லாபம். அறுந்த காலின் எலும்பு பொய்க்காலில் குத்திற இடத்தில் தோல் உரிந்துவிட்டது எண்டும் தெரிந்தது, உறைக்குள் ஈரமாய் இருந்தது, வேர்வையோ இரத்தமோ, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பம். கூட்டத்துக்குள் மெற்றில்டா தெரிந்தாள், மஞ்சள் சீலை, கையில் அவனுடைய சப்பாத்துச் சோடி, செபமாலை சொல்லுகிற வாய், கண் மட்டும் அவனுடைய பாதத்தில். ஏன் அப்பிடிப் பாக்கிறாள். பின்னால் அல்போன்ஸ் செருமினான். அந்தச் செருமல் அவனுக்குத் தெரியும். பிலேந்திரனின் தங்கச்சி கலியாணத்தில் சாராயம் உள்ளே போன பிறகு இதே மாதிரிச் செருமிவிட்டுத்தான் அவன் சொன்னது, "நீங்கள் எல்லாம் கடைசியில முதுகு காட்டிக்கொண்டு வந்தனீங்கள்தானே." சொல்லிவிட்டு அடுத்த துண்டு இறைச்சியை எடுத்தான். நீக்கிலாஸ் பாதிச் சோத்தில் எழும்பிக் கை கழுவினான். முதுகு காட்டினதா அது. ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடலேரித் தண்ணி இடுப்புவரை, முன்னுக்கும் சனம் பின்னுக்கும் சனம், பக்கத்தில் போன கிழவர் சேலைன் போத்தல் ஒண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார், ஆருக்கெண்டு தெரியாது, போத்தல் வெறுமை. அங்காலப் பக்கத்தில் வரச்சொல்லிக் கத்திற ஆமியின் ஒலிபெருக்கி. திரும்பிப் பார்க்கக்கூடாதெண்டு நினைத்தான், திரும்பிப் பார்த்தான், பின்னுக்கு ஒண்டுமில்லை, புகைதான். அப்பா அந்தப் புகைக்குள்தான் எங்கேயோ, தாட்ட இடம் கேட்டால் காட்டக்கூட ஏலாது, பங்கருக்குப் பக்கத்தில் ஒரு பனைவடலி, பனைவடலி இல்லாத இடம் எது. சாகிறதுக்கு முதல்நாள் அப்பா கேட்டது பிள்ளை சாப்பிட்டியோ எண்டில்லை, போர் எப்பிடி எண்டில்லை, "இப்ப எங்கட தண்டை ஆர் தூக்கினம்?" எண்டு. ஊரே காலியாய்க் கிடந்த நேரம், சுவாமியைத் தேங்காய்ப் பொச்சுக்குள் வைத்துக் குளக்கட்டில் தாட்டுவிட்டு வந்த நேரம், மனுசன் தண்டைக் கேட்டார். நான் தூக்கிறன் அப்பா எண்டு அண்டைக்கு அவன் சொல்லேல்லை. கால் போய்க் கிடக்கிறவன் எந்த வாயால் சொல்லுறது. முதுகு காட்டினதா. முதுகு எண்டால் என்ன, நடக்கிறவனுக்கு ஒரு பக்கம் முகம் மற்றப் பக்கம் முதுகு, எந்தப் பக்கம் நடந்தாலும் ஆருக்கோ முதுகுதான் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் போகுதில்லை. பீடத்துக்குப் போகும்வரைக்கும் போதும் சுவாமி, அதுக்குப் பிறகு கால் முறிஞ்சாலும் பரவாயில்லை, இன்னொரு கால் வீட்டில் இருக்கு. சுவாமியோடு அவன் அப்பிடித்தான் கதைக்கிறது. அவரும் ஒரு படைவீரன், வாள் பிடித்த மனுசன், விளங்கும்.

கோயில் முற்றம் வந்தது. இனித்தான் வேலை. சந்தியோகுமையோர் குதிரைவீரன், வெளியில் நிக்கிற சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோயிலுக்குள் போகமாட்டார், அது வெண்பாலைக்குளத்து வழக்கம், வேற எங்கேயும் இல்லை. முற்றத்தில் கூட்டை முழுதாய்த் திருப்பிச் சுவாமியைச் சனத்தைப் பார்க்க விட்டு, நாலு பேரும் பின்பக்கமாய் நடந்து, படி ஏறிப் பீடம்வரை போகவேணும். நல்ல காலுள்ளவனே தடுக்கி விழுகிற படி. மேலே ஏறினவன் குனியவேணும், கீழே நிக்கிறவன் கையால் உயர்த்தவேணும், கூடு மட்டம் குலையக்கூடாது, அதோடு கண் முன்னுக்கு, கால் பின்னுக்கு. ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க பொய்க்கால் முதல் எண்டு ஆசுபத்திரியில் பழக்கினவள் ஒரு நூறு தரம் சொல்லியிருப்பாள், பின்பக்கமாய் ஏறுகிறது எப்பிடியெண்டு அந்தப் பிள்ளை சொல்லித்தரேல்லை, ஆர் அப்பிடி ஏறப்போறான் எண்டு நினைச்சிருப்பாள். கூடு திரும்பினது. பாண்ட் நிண்டது. அல்போன்ஸ் கிட்ட வந்து தண்டில் கையை வைத்தான். "விடு, இனி ஏலாது. நான் பிடிக்கிறன்" எண்டான், கெட்ட குரலில் இல்லை, நல்ல குரலில்தான், அதுதான் இன்னும் எரிந்தது. நீக்கிலாஸ் அவனைப் பார்க்கேல்லை. "கையை எடு" எண்டான். "விழுந்தியெண்டால்?" "விழேக்க பிடி. இப்ப எடு." பிறகு படிக்கு மேலே நிண்ட மூப்பர் கிறகோரியின் குரல் வந்தது, வயசான, கரகரத்த குரல். "அல்போன்ஸ், அது அவன்ர தண்டு. கையை எடுத்திட்டு அங்கால நில்." கை எடுபட்டது. நீக்கிலாஸ் நல்ல காலைப் பின்னுக்கு வைத்துத் துழாவினான், படியின் விளிம்பு குதியில் பட்டது, ஏறினான். இப்ப மற்றது. புதுக்காலை இழுத்துப் பின்படியில் வைத்தான், பாரத்தைப் போட்டான், வழக்கம்போல அது அவனைப் பின்னுக்கு இழுத்தது. இழுத்தால்? பின்னுக்குத்தானே போகவேணும். காலமை முழுக்கக் கொலரில் பிடித்து இழுத்த கை, இப்ப முதுகுக்குப் பின்னால் நிண்டு வா வா எண்டு கூட்டிக்கொண்டு போனது. முழங்கால் பூட்டினது மாதிரி நிண்டது, ஆடேல்லை, அசையேல்லை. அடியாத்தை, இதென்ன. பழைய காலெண்டால் இந்த இடத்தில் முன்னுக்கு மடிந்து நாலு பேரையும் கவிட்டிருக்கும். அவன் குனிந்தான், பிலேந்திரனும் குனிந்தான், கீழே முன்தண்டுக்காரர் இரண்டு பேரும் உயர்த்தினார்கள், கூடு தண்ணியில் மிதக்கிற வள்ளம் மாதிரி மட்டமாய் ஏறினது. அடுத்த படி. நல்ல கால், துழாவு, வை. புதுக்கால், இழு, போ. தோளில் பாரம் இருந்ததா எண்டே தெரியேல்லை. வாசற்படியைத் தாண்டி அவனுடைய குதி கோயில் சீமெந்தில் பட்டது, குளிர்ந்த சீமெந்து. அப்பதான் அவனுக்குப் பட்டது. முன்தண்டுக்காரர் இன்னும் வெயிலில் நிக்கினம், சுவாமி இன்னும் வெயிலில் நிக்கிறார், கோயிலுக்குள் முதல் வந்தது வால். வாலும் வால்காரனும். நாலு தலைமுறையாய் வருசா வருசம் இப்பிடித்தானே வந்திருக்கிறம், பூட்டனும் பாட்டனும் அப்பாவும் ஊருக்கெல்லாம் முதல் உள்ளுக்கு வந்தவை, ஒருத்தரும் அதைச் சொல்லிக் காட்டேல்லையே. நிமிர்ந்து பார்த்தான். வாலுக்கு மேலால், பூவுக்கு மேலால், முற்றம் முழுக்கச் சனம், எல்லாருடைய முகமும் அவனைப் பார்த்துக்கொண்டு, அவனுடைய முகம் எல்லாரையும் பார்த்துக்கொண்டு. நடுவில் அல்போன்ஸ், துவாயைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. முதுகு காட்டினவன் எண்டு சொன்னவன் இப்ப நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டான், பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினான். அப்பா, எங்கட தண்டை ஆர் தூக்கினம் எண்டு கேட்டீங்கள். நான் தூக்கினன். படியால் ஏத்தி உள்ளுக்குக் கொண்டுவந்திட்டன்.

கூடு பீடத்தில் ஏறின பிறகு மணி அடித்தது, சனம் பாட்டெடுத்தது, பிலேந்திரன் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு அடி அடித்தான், மூப்பர் வந்து அவனுடைய தோளில் தண்டு பதிந்த இடத்தைக் கையால் தடவிவிட்டுப் போனார். தோள் வீங்கிக் கிடந்தது, தொட்டால் உயிர் போனது, அந்த நோவும் நல்லாய்த்தான் இருந்தது. வாசலில் மெற்றில்டா சப்பாத்தோடு நிண்டாள். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள், ஆனால் வாய் வேற விதமாய்த்தான் தொடங்கினது. "காலை மாறிப் போட்டிட்டியள். வாசல்லயே எனக்குத் தெரியும்." "தெரிஞ்சே? பேந்து ஏன் சொல்லேல்லை?" "சொன்னால் நிண்டிருப்பியள். பழசை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போயிருப்பியள். அதுக்குள்ள அல்போன்ஸ் தூக்கியிருப்பான்." அவன் அவளைப் பார்த்தான். வால்காரர் வீட்டுக்கு வந்த பிறகு இவளும் வால்காரிதான், பின்னுக்கு நிண்டு எல்லாத்தையும் பாக்கிறவள். "இந்தாங்கோ, போடுங்கோ" எண்டு குனிந்து சப்பாத்தைக் காலடியில் வைத்தாள். அவன் போடேல்லை. இரண்டையும் எடுத்து ஒரு கையில் தூக்கிக்கொண்டான், மற்றக் கையால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான், முற்றத்துச் சனத்துக்கு நடுவால் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். அந்தக் கால் இப்பவும் ஒவ்வொரு எட்டுக்கும் பின்னுக்கு இழுத்தது, இழுக்க இழுக்க நெஞ்சு முன்னுக்கு வந்தது, தலை தானாய் நிமிர்ந்தது. பாக்கிறவன் நீக்கிலாஸ் பெருமையில் நடக்கிறான் எண்டு நினைப்பான். நினைக்கட்டும்.